துணைக்குப் போனவருக்கு வந்த தலைசுற்றல்

3 ஜூன் 1974
கட்டிலை விட்டு எழுந்ததும் மறுபடி அறை சுழன்றது. உட்கார்ந்துவிட்டேன். எஸ்டேட் ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர், "வேலைக்குக் கூப்பிடுற பெரட்டு மணி அடிச்சாத்தான் ஒனக்குத் தல சுத்தும்" என்றார். கொழுந்து கிள்ளப் போகாமலிருக்க நடிக்கிறேனாம்.

6 ஜூன்
கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணோரம் வயர் ஒட்டி, காதில் குளிர்ந்த தண்ணீரும் வெந்நீரும் மாற்றி மாற்றி விட்டார்கள். கண் ஆடுவதை மெஷின் காகிதத்தில் கோடு போட்டது. இரண்டு காதுக்கும் ஆட்டம் சமமாம். எனக்கு நோயே இல்லையாம். ஒத்துப்பார்க்க நோயில்லாத ஆள் ஒருவர் வேண்டுமென்று, துணைக்கு வந்த இவரைப் படுக்கவைத்தார் டாக்டர். இடது காதில் விட்டபோது இவர் கண் அசையவே இல்லை. அந்தப் பக்கம் சமநிலை போய்விட்டதாம்; இவர் இனி வண்டி ஓட்டக் கூடாதாம்!

8 ஜூன்
எஸ்டேட் மேனேஜர் துரை ஜீப் சாவியை வாங்கிக்கொண்டார். என் காகிதம் நன்றாக இருப்பதால் எனக்குத் தேயிலை ஸ்டோரில் ஏணியேறிப் பெட்டி அடுக்கும் வேலை.
"எனக்கு எழுதினது தப்பு. ஒனக்கு எழுதினது சரிதாம்ட்டி" என்கிறார் இவர். ஒரே மெஷின்தானே?

9 ஜூன், ஞாயிறு
கோயில் படியில் எனக்குச் சுழன்றது. இவர் கையைப் பிடித்தேன். கங்காணி வீட்டுக் கத்தரீனாள், "பாத்து, வேதமுத்து அண்ணாச்சி!" என்று ஓடிவந்து இவரைத் தாங்கினாள். நான் விழுந்தேன்.

14 ஜூன்
ஏணியிலிருந்து விழுந்தேன். முழங்கை வீக்கம். இவர் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார்.

20 ஜூன்
மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை நர்ஸ் இவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். சுண்டைக்காய் அளவுக்கு அழுக்கு! எடுத்த பிறகு தண்ணீர் விட்டால், கண் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆடியது. அன்றைக்குத் தண்ணீர் உள்ளேயே போகவில்லை — இதற்கா சாவியைப் பிடுங்கினார்கள்? சிரித்துச் சிரித்து பெஞ்சில் வலப்பக்கம் சாய்ந்தேன். சுழன்றது.
"டாக்டரே, இவ கண்ணப் பாருங்க! எப்படி ஆடுது!" — கத்தியது இவர்தான்.
வயரும் இல்லை, மெஷினும் இல்லை. டாக்டர் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்தால் மட்டும் வருகிற வகையாம். தண்ணீர்ச் சோதனையில் அகப்படாதாம். என்னைச் சாய்த்துப் பார்க்க அன்றைக்கே ஒருவருக்கும் தோன்றவில்லையே!

24 ஜூன்
சாவி திரும்பி வந்தது. இன்று பீர்மேடு போகும் ஜீப்பில் முன்னால் துரை, பின்னால் நான். வளைவில் சட்டென்று தலையைத் திருப்பிவிட்டேன். சுழன்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவர் கண்ணாடியில் பார்த்திருப்பார் போல, வண்டியை ஓரம்கட்டினார்.
"கொஞ்சம் பொறுங்க தொர. இவளுக்குச் சுத்துது."
துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவர் இன்ஜினையும் அணைத்துவிட்டார்.