சாமியார்பேட்ட மணல்ல நான் வச்ச ஐவெரல் சங்கு

என் ஆச மச்சான் கலியமூர்த்திக்கு,

இருய்யா, கத்தாத. செத்தும் ஒனக்கு சத்தம் கொறையல. "ஏன் சொன்ன?"ன்னு கேக்குறியா, "ஏன் இத்தினி வருஷம் சொல்லல?"ன்னு கேக்குறியா? ரெண்டுல ஒண்ணக் கேளு. நான் பொய் சொல்லல. வச்சேன், அவ்ளோதான். எடுத்தது நீ. எடுத்து ஊரெல்லாம் காட்டுனது நீ. நான் வேன் ஓட்டிட்டு வந்தவன்.

சரி, இந்தப் புத்தகம் படிக்கிறவங்களுக்கு நம்ம ரெண்டு பேரையும் தெரியாதாம். மொதல்லேருந்து எழுதுங்க மாமான்னு அதப் போடுற ஹசீனா மேடம் சொல்லிட்டாங்க. நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ். பேசுறாப்புலதான் எழுத வருது. தப்பிருந்தா அவுங்க கூட ஒக்காந்து எழுதுற ஜோசப்பு திருத்துவாரு, அவுரும் தப்பு வுட்டா அது ரெண்டு பேரு தப்பு.

நீ கடலூர் ஓல்டு டவுன்ல தபாலாபீசுல வேல பாத்து ரிட்டயர் ஆனவன். என் தங்கச்சி சரோஜாவக் கட்டுனவன். ரிட்டயர் ஆனவன் பேரப்புள்ளையக் கொஞ்சுவான், டிவி பாப்பான். நீ ரெண்டாயிரத்து நாலுல சிப்பி பொறுக்குற கிளப்பு ஆரம்பிச்ச. கடைத்தெருவுல எல்லாம் என்னைக் கேட்டாங்க, "ஒங்க மச்சானுக்கு ஒடம்புக்கு என்ன?"ன்னு. "தல நல்லாதான் இருக்குது, காலுதான் வூட்டுல நிக்க மாட்டேங்குது"ன்னு சொன்னேன்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம காலையில என் வேனு கெளம்பும். சிப்காட் கிட்ட நைட் ஷிப்ட் முடிச்சுட்டு ஜோசப்பு நிப்பாரு, ஏறுவாரு, ஏறுனதும் தூங்குவாரு. செதம்பரத்துலேருந்து ஹசீனா மேடம் நாலு டீச்சருங்களோட பஸ்ஸு புடிச்சு நேரா வந்துருவாங்க. அவுங்க பள்ளிக்கூடத்துல விலங்கியல் டீச்சரு. சங்கு சிப்பிக்கெல்லாம் வாயில நுழையாத பேரு வச்சிருப்பாங்க. நான் வைக்கிற பேரு வேற. வயிறு பெருத்த சங்குக்கு 'தாசில்தார்'. வழவழன்னு கையில நிக்காதது 'என் மருமவன்'.

ரெண்டு மணி நேரம் நடந்து பொறுக்கிட்டு, பழைய பெட்ஷீட்ட மணல்ல விரிச்சு சுத்தி ஒக்காருவோம். ஒவ்வொருத்தரும் தான் எடுத்தத வச்சு, எங்க எடுத்தேன், தண்ணி ஏறுறப்பவா எறங்குறப்பவான்னு சொல்லணும். நீ சீட்டுல எழுதுவ, நோட்டுலயும் ஏத்துவ. ஊரு, எடம், நாளு, எடுத்தவர் பேரு. தபால்காரன் புத்தி எங்க போவும்? "விலாசம் இருந்தாதான் அது சங்கு, இல்லேன்னா வெறும் சுண்ணாம்பு"ன்னு ஆளாளுக்குச் சொல்லுவ.

உள்ள உசுரு இருந்தா தண்ணியில வுட்டுறணும். செத்த சங்குல நண்டு குடி வந்திருந்தாலும் வுட்டுறணும். "குடியிருக்கிறவன காலி பண்ண நீ யாரு?"ன்னு ஒரு டீச்சர நீ அதட்டுன அதட்டுல அந்தம்மா ரெண்டு மாசம் வரல. வாடகை வூட்டுல இருக்குறவன் கோவம் வேற எங்க போயி தீரும்னு நான் சொன்னேன். அதுக்கும் மொறச்ச.

நானும் ஒழுங்கா இருந்தவன் இல்ல, ஒத்துக்கிறேன். சட்டப் பொத்தான ஒண்ணு கழட்டி பெட்ஷீட்டுல வச்சேன். ஹசீனா மேடம் லென்ஸு வச்சு பத்து நிமிஷம் பாத்தாங்க. "நாலு ஓட்ட இருக்கு சார், வித்தியாசமா இருக்கு"ன்னாங்க. ஜோசப்பு சிரிச்ச சிரிப்புல தூக்கம் கலஞ்சுபோச்சு. அன்னைலேருந்து நான் எத வச்சாலும் அத மொதல்ல சட்டையில தைக்க முடியுமான்னுதான் பாப்பாங்க.

அப்பறம் அந்த வருஷக் கடைசியில அல வந்துச்சு.

அதப் பத்தி நான் ஜாஸ்தி எழுத மாட்டேன். எல்லாருக்கும் தெரியும். சாமியார்பேட்டையில வலையில சிக்குற சங்க எல்லாம் ஒனக்குன்னு பொட்டணம் கட்டி வைக்குமே ஒரம்மா, அது போயிடுச்சு. அது வூட்டுக்காரரு மட்டும் இருந்தாரு. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் ட்ரிப்பு போனோம். எல்லாரும் எறங்குனாங்க, நடந்தாங்க. நீ தண்ணியப் பாத்து நின்ன. காலடியில சிப்பி கெடந்துச்சு, குனியல. "இந்த மண்ணுலேருந்து இனிமே ஒண்ணையும் எடுக்க எனக்கு மனசு வல்ல மச்சான். கிளப்ப கலச்சுருவோம்"னு சொன்ன. அதுக்கு அடுத்த மாசமும் அப்படியே நின்ன. வூட்டுல ஒனக்கு சோறு எறங்கலன்னு சரோஜா என்கிட்ட வந்து அழுதா.

எனக்குப் பேசத் தெரியாது. ஆறுதல் சொல்றவங்களக் கண்டா எனக்கு கொட்டாவி வரும். எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலதான், வெளையாட்டு காட்டுறது.

அந்த வாரம் ராமேஸ்வரத்துக்கு ஒரு சவாரி போச்சு. கோயில் பக்கத்துல கடையில ஐவெரல் சங்கு தொங்குச்சு, அஞ்சு வெரலாட்டம் முள்ளு நீட்டிக்கிட்டிருக்குமே, நம்ம கடக்கரையில கெடைக்காதது. வாசல்ல கட்டுறதுக்காக ஒரு வெரல்ல ஓட்ட போட்டு கயிறு கோத்திருந்தாங்க. கயித்த அறுத்தேன். வேனுக்கு டிங்கரிங் பண்றப்ப பள்ளத்துல அப்புற பட்டிய எடுத்து, சிப்பிய நசுக்கித் தூளாக்கி அதோட கலந்து, ஓட்டைய அடச்சேன். காஞ்சதும் மணல்ல வச்சு தேச்சேன். என் வேனுக்குக்கூட நான் அவ்ளோ நல்லா பட்டி பாத்ததில்ல.

அடுத்த ட்ரிப்புல, சாமியார்பேட்டையில நீ நிக்கிற எடத்துக்கு நாலடி முன்னாடி, பாதி பொதச்சு வச்சேன். நீ குனிஞ்சு எடுப்ப, ஐவெரல் சங்கு இங்க எங்கேருந்து வந்துச்சுன்னு முழிப்ப, நான் ஓட்டைய நோண்டிக் காட்டுவேன், நீ என்னைத் திட்டுவ. திட்டுனா பசி எடுக்கும். சாப்புடுவ. அவ்ளோதான் என் கணக்கு.

நீ குனிஞ்ச, எடுத்த. திட்டல மச்சான். அப்படியே மணல்ல ஒக்காந்துட்ட. "ராமேஸ்வரம் பக்கத்துலேருந்து அல தூக்கியாந்திருக்கு. எடுத்ததுக்கெல்லாம் எதையோ திருப்பித் தருது"ன்ன. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எந்திரிச்சு, பொட்டணம் கட்டுன அந்தம்மா வூட்டுக்காரருகிட்ட எடுத்துட்டுப் போயிட்ட. அவுரு ரெண்டு கையாலயும் வாங்கி வச்சுட்டு இருந்தாரு. அப்பறம் திருப்பிக் குடுத்தாரு.

சொல்லு, அந்த எடத்துல நான் ஊக்க எடுத்து ஓட்டைய நோண்டணுமா? ஒனக்கு ஒரு மனசாட்சி இருந்தா சொல்லு.

அன்னைக்கு வர்ற வழியில புவனகிரியில வேன நிறுத்தச் சொல்லி நாலு இட்லி சாப்புட்ட. நான் எண்ணுனேன். அப்பறம் கிளப்பு நடந்துச்சு, கிள்ள, பரங்கிப்பேட்ட, தேவனாம்பட்டினம்னு போனோம். சங்கு ஒன் அலமாரியில மேல் தட்டுல ஏறிக்கிச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ ஒரு நாளு நெஞ்சு வலிக்குதுன்னு படுத்த. போயிட்ட.

ஒண்ணு கேக்கணும். எறும்புக்கு எத்தினி காலுன்னு லென்ஸு வச்சுப் பாக்குறவன் நீ. அந்தப் பட்டி நெசமாவே ஒன் கண்ணுல படலையா?

நீ போயி ஆறு மாசத்துல தானே புயலு. நீ பாக்கல, நல்லதுதான். பலா மரம், முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சுது. ஒன் வூட்டு கூர ஷீட்டு பறந்து போயி அலமாரிக்குள்ள மழ பூந்துடுச்சு. சங்குக்கு தண்ணியில என்ன ஆவப்போவுது? சீட்டுதான் போச்சு. ஒன் கையெழுத்தெல்லாம் நீலமா ஒழுவிடுச்சு. ஒன் நோட்டு மட்டும் பொழச்சுது, சரோஜா அரிசி ட்ரம்முல வச்சிருந்தா.

அந்த நோட்டப் பாத்து புதுசா சீட்டு எழுத ஹசீனா மேடமும் ஜோசப்பும் ஞாயித்துக்கெழம வந்து ஒக்காந்தாங்க. எழுத எழுத மேடத்துக்கு ஆச வந்துச்சு. நம்ம கடக்கரையில கெடச்ச சங்கு சிப்பி எல்லாத்தையும் ஒரு புத்தகமா போடலாம், எடுத்தவங்க பேரோடன்னாங்க. மொதப் பக்கத்துல ஐவெரல் சங்கு படமும் ஒன் படமும். சரோஜா பீரோவுலேருந்து ஒன் கல்யாணப் படத்த எடுத்துத் தொடச்சு வச்சா. அவ மூஞ்சி அப்படி மலந்து ரொம்ப நாளாச்சு.

அப்ப மேடம் என்னைப் பாத்தாங்க. "நடேசன் மாமா, இது ராமேஸ்வரம் பக்கத்து சங்கு. இங்க கெடச்சுதுன்னா பெரிய விஷயம். அன்னைக்கு நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? சாட்சின்னு ஒரு கையெழுத்து போடுங்க."

பேனாவ நீட்டுனாங்க. எழுத்துல எனக்கு ஒழுங்கா வர்றது கையெழுத்து ஒண்ணுதான், அதுவும் அன்னைக்கு வரல.

"நான்தாம்மா வச்சேன்"னேன்.

"ஆரம்பிச்சுட்டாரு"ன்னாரு ஜோசப்பு.

"நெசமா. கடையில வாங்குனது."

"பொத்தானும் கடையில வாங்குனதுதான மாமா?" மேடம் சிரிக்கிறாங்க. "செத்தவருகிட்டயாவது வெளையாடாம இருங்களேன்."

யாரும் நம்பல மச்சான். நாப்பது வருஷமா ஊர ஏமாத்துனவன் ஒரு நாளு உண்மையச் சொன்னா இதான் மரியாத. என்ன பண்றது? சரோஜா பொடவையிலேருந்து ஊக்கக் கேட்டு வாங்குனேன். சங்க மடியில வச்சு, அந்த வெரல நோண்டுனேன். என் பட்டி லேசுல வரல. வந்துச்சு. ஜன்னலுக்கு நேரா புடிச்சேன். ஓட்ட வழியா வெளிச்சம் தெரிஞ்சுது.

ஜோசப்பு சிரிக்கல. மேடம் சங்க வாங்கிப் பாத்துட்டு, நோட்டுல அந்த வரிய ஒரு கோடு போட்டு அடிச்சாங்க. "நல்லவேள மாமா. இல்லாதத இருக்குன்னு அச்சுல போட்டுட்டா, அத ஒரு புள்ள பாத்து எழுதும், அந்தப் புள்ளையப் பாத்து இன்னொண்ணு எழுதும். நிறுத்தவே முடியாது"ன்னாங்க.

சரோஜா கல்யாணப் படத்த எடுத்து மறுபடியும் பீரோவுல வச்சா. அவுங்க போனதுக்கப்பறம் புடிச்சுக்கிட்டா.

"யாரு கேட்டா ஒன்ன?"

"மேடம் கேட்டாங்கம்மா. சாட்சிக் கையெழுத்து."

"போட்டுட்டுப் போவேண்டியதுதான? மாப்பிள்ளைக்கு பீடி சிகரெட்டு பழக்கம் கெடையாதுன்னு என்கிட்ட சொல்லி கட்டி வச்சியே, அப்ப வந்த வாயி இப்ப எங்க போச்சு?"

ஊக்க எடுத்து அவகிட்ட நீட்டுனேன்.

"அவுரு சாவுற அன்னைக்குக் காலையில கூட அதத் தொடச்சு வச்சாரு அண்ணே. ஒரு வெளையாட்டுக்காக அவுர முட்டாளாக்கிட்ட. போயி சேந்தப்பறமும் நாலு பேரு முன்னாடி முட்டாளாக்கிட்ட."

வெளையாட்டுக்குன்னு இல்லம்மான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. வெளையாட்டுன்னு சொல்றதுதான் எனக்குப் பழக்கம். ஏன் வச்சேன்னு இந்தக் காயிதத்துக்கு முன்னாடி நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒரு மாசம் ஆவுது, தங்கச்சி என்கிட்ட பேசி. போனா காப்பி குடுக்குறா. டம்ளர டொக்குனு வைக்கிறா.

ஒனக்கு ஒரு சேதி. பட்டியல்ல மீதியெல்லாம் ஒன் பேருல அப்படியே இருக்குது. மட்டி, ஊமச்சி, சோழி, எல்லாம் சாதாரணம்தான், யாரும் படம் போட மாட்டாங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் விலாசம் சரியா இருக்குது. மேடம் அந்தந்த எடத்துக்கே போயி பாத்து டிக் போட்டுட்டாங்க. மொதப் பக்கம் காலியாயிடுச்சேன்னு என்னைய எழுதச் சொன்னாங்க. அதான் இது.

அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒன் பொண்டாட்டி சம்மதிக்கணும் இல்ல? இன்னைக்குக் காலையில ஒன் வூட்டுக்கு வந்து, கூடத்துல ஒக்காந்து, அவளுக்குப் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன். தாசில்தார் வந்தப்ப சிரிக்கல. பொத்தான் வந்தப்ப மூக்க உறிஞ்சுனா. நீ தண்ணியப் பாத்து நின்னத படிச்சேன். சோறு எறங்கலன்னு அவ வந்து அழுதத படிச்சேன். இருமிட்டு மேல படிச்சேன். திட்டுனா பசி எடுக்கும், சாப்புடுவன்னு இருக்குற வரிக்கு வந்தேன்.

எந்திரிச்சுட்டா.

"சரோஜா, இரும்மா, இன்னும் இருக்குது"ன்னேன். திரும்பிப் பாக்கல. செருப்ப மாட்டிக்கிட்டு வாசலத் தாண்டிப் போறா. கோவமா, வேற எதாச்சுமான்னு முதுகப் பாத்துச் சொல்ல எனக்குத் தெரியல. எங்க போறான்னும் தெரியல. அவ போறத பாத்துக்கிட்டேதான் இந்தக் கடைசி வரிங்கள எழுதுறேன்.

ஒனக்கு ஒரு வாக்கு குடுக்குறேன் மச்சான், இதுல வெளையாட்டு இல்ல. அவ திரும்பி வந்து மீதியையும் முழுசா கேக்காம இந்தக் காயிதத்த நான் அச்சுக்குக் குடுக்க மாட்டேன்.

தெருமுன வரைக்கும் போயிட்டா.

ஒன் சம்சாரத்தோட பொறந்தவன்,
வேன்கார நடேசன்