சேலைக்கு வாங்கிய லென்ஸ்

மாமா, முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு முன்னால் நின்ற சம்பந்தி அம்மாவின் கொண்டையில் கறுப்பும் மஞ்சளுமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. கையிலிருந்த பையால் ஓங்கி ஒரு அடி. அது கல் வைத்த கொண்டை ஊசி. சாம்பார் வாளியோடு நின்றவர் முதல் மாப்பிள்ளை வரை எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் எதை அடித்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

உங்கள் ஸ்டுடியோவுக்கு அந்த லென்ஸ் வந்தது சேலைக்காகத்தான். ஆரணி முதலாளிகள் வாட்ஸப்பில் பட்டு விற்க ஆரம்பித்த நேரம். ஜரிகை இழை இழையாகத் தெரிய வேண்டும் என்றார்கள். உங்கள் அறையோ சின்னது. மேசையில் விரித்த சேலைக்கு நாலு விரல் தூரத்தில் வைத்து எடுக்கிற குட்டை லென்ஸாகப் பார்த்து வாங்கினீர்கள். சேலைக்கு அதுதான் சரி. சேலை பறக்காது, கொட்டாது.

ஒருநாள் மாம்பழக் கலர் சேலை மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. நீங்கள் விரட்டாமல் படம் எடுத்தீர்கள். அன்றோடு சேலை போச்சு, பூச்சி வந்தது.

"ஈ மூஞ்சில எவ்ளோ முடி பாரு!" என்று தெருவுக்கே காட்டினீர்கள்.

"எங்க அக்கா மூஞ்சிய இவ்ளோ கிட்ட பாத்துக்கீறீங்களா மாமா?"

"உங்க அக்காவுக்கு இந்த லென்ஸ் தாங்காதும்மே."

உள்ளேயிருந்து அக்கா கரண்டியைத் தட்டினாள். நல்ல நாட்கள்தான் மாமா அவை.

நான் ஆறாவதோடு நின்றவள். உங்களோடு பேசிப்பேசியே எனக்கும் விஷயம் புரிந்தது. பூச்சி படத்தில் அதே அளவு பெரிசாக விழ, குட்டை லென்ஸுக்கு நீங்கள் முட்டிக்கொள்கிற அளவு கிட்டப் போக வேண்டும். நீட்டு லென்ஸ் என்றால் எட்டி நிற்கலாம். வண்டுக்கு எது இருந்தாலும் ஒன்றுதான். குளவிக்கு அப்படியில்லை.

ஸ்டுடியோ ஷட்டருக்கு மேலே கூடு கட்டிய சின்னக் குளவி ஒன்று கொட்டி, உங்கள் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் திணறினீர்கள். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இன்னொரு வாட்டி கொட்டினா, இங்க கொண்டுவர்ற வரைக்கும் தாங்க மாட்டார்" என்று டாக்டர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா உங்கள் சட்டைக் கையை விடவே இல்லை. நீட்டு லென்ஸ் வருகிற வரை பூச்சிப் பக்கமே போக மாட்டேன் என்று அவளிடம் சொன்னீர்கள். அங்கிருந்தே ஆர்டரும் போட்டீர்கள்.

லென்ஸ் வருவதற்குள் முள்ளிப்பட்டிலிருந்து செய்தி வந்துவிட்டது. ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பின்பக்க முருங்கையில் கடந்தைக் கூடு, குளவியிலேயே பெரிய ஜாதி. பானை அளவு. இருட்டியதும் கொளுத்தப் போகிறார்கள். சேலை எடுக்கப் போகிறோம் என்று அக்காவிடம் சொல்லி என்னையும் வண்டியில் ஏற்றினீர்கள்.

அந்த வீட்டில் தறிச் சத்தம் இல்லை. சத்தம் கேட்டால் கிளம்புகிறது என்று இரண்டு நாளாய் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் அந்த ரீங்காரம் மட்டும் சுவரெல்லாம் கேட்டது.

"வாணாங்க," என்றாள் வீட்டுக்காரி. "கொளுத்தினப்பறம் கூட்ட எடுத்துக்கினு போங்க."

"செத்ததுக்கு ஏதும்மா மூஞ்சி? ஜல்தியா ரெண்டு படம், வந்துடறேன்."

ஏணியில் ஏறினீர்கள். நான் கீழே வாசற்படியில் நின்றேன். பயமாக இருந்தால் எனக்கு வாய் நிற்காது, உங்களுக்குத் தெரியுமே.

"இன்னா மாமா, பொண்ணு பாக்க வந்தவராட்டம் உத்து உத்துப் பாக்கறீங்க?"

"பொண்ணு தல குனியலம்மே. மொறைக்குது."

அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசியது. ஃபிளாஷ் ஒருமுறை அடித்தது. ரீங்காரம் நின்றது. மறுபடி தொடங்கியபோது அது வேறு சத்தமாக இருந்தது.

அந்தப் படம் கார்டில் இருக்கிறது மாமா. கூட்டின் மேல் இருக்கிற அத்தனை தலைகளும் லென்ஸைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. அக்காவுக்கு நான் இன்னும் காட்டவில்லை.

உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன மறுநாள் கூரியர்காரர் வாசலில் வந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "சார் இல்லீங்களா? ஓடிபி வேணும்." உங்கள் போனை அக்காதான் எடுத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னாள்.

இப்போது ஸ்டுடியோவில் நான்தான் படம் எடுக்கிறேன். குட்டை லென்ஸைப் பீரோவில் வைத்து அக்கா பூட்டிவிட்டாள். நீட்டு லென்ஸ் உங்கள் அறைக்கு அடங்காது. அதனால் சேலையை உள்ளே விரித்துவிட்டு வாசலில் நின்று எடுக்கிறேன். போகிறவர்கள் குறுக்கே வருகிறார்கள். உங்களிடமிருந்து பூச்சிப் பைத்தியமும் தொற்றிக்கொண்டது. எங்கே போனாலும், "எட்டி நில்லுடி" என்பாள் அக்கா. நிற்கிறேன். எது பறந்து வந்தாலும் என் கால் தானாகவே பின்னால் போகிறது.

நேற்று சாயப்பட்டறையில் ஒரு தட்டான். காயப்போட்ட பட்டு மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. ஒரு அடி பின்னால் போனேன். முழுசும் படத்துக்குள் வரவில்லை. இன்னொரு அடி போனேன். பின்னால் ஆறிப்போன சாயத் தொட்டி இருந்தது. கேமராவைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இடுப்பு வரை கிளிப்பச்சை. சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பட்டறைக்காரர் சொன்னார்.