கைதட்டு ஓய்ந்தபின் நீங்கள் சொன்னது

மச்சாள்,

நேற்று வேஷத்தோடு ஒத்திகை பார்த்தோம். முடிந்ததும் முகப்பூச்சைத் துடைக்கத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். பழைய பருத்தித் துணியில் எண்ணெய் ஊறி, பவுடரும் வியர்வையும் கலந்து ஒரு மணம் வந்தது. உங்கள் விரல்கள் என் நெற்றியில் நிற்பதுபோல் இருந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. இருந்த காலத்தில் ஒருநாளும் நான் உங்களுக்கு நன்றி சொன்னதில்லை. ஒரே வளவுக்குள் சீவிக்கிறவர்கள் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்வதில்லைத்தானே. இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தபால் கந்தோரில் வேலை; சங்கீதம் சின்ன வயதில் கொஞ்சம் படித்ததோடு சரி. கரம்பொனில் எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு இசை நாடகம் போடுவதென்று முடிவானபோது, உங்கள் தம்பி, என் மனிசன், என்னைக் கேளாமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். கப்பலேறி வியாபாரத்துக்குப் போன ஒருவனின் மனைவி வேஷம். கணவன் இறந்த செய்தி வந்ததும் அவள் பாடும் நீண்ட பாட்டுத்தான் நாடகத்தின் உயிர். நீங்கள் எங்கள் எல்லோருக்கும் உடுப்புத் தைத்தீர்கள். திரைக்குப் பின்னால் நாடகக் கொப்பியோடு இருந்து, மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுத்ததும் நீங்கள்தான்.

விழா ஒரு பின்னேரம் நடந்தது. அந்தப் பாட்டை எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் பிடித்தேன். குரல் கம்மவில்லை, பிசகவில்லை. கைதட்டு அடங்கக் கனநேரம் ஆனது. பின்னறையில் கூட நடித்தவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று புகழ்ந்தார்கள். நீங்கள் மட்டும் பேசாமல் எண்ணெய்த் துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

"மச்சாள், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. எப்பிடி இருந்தது?"

"பாட்டு நல்லாயிருந்தது" என்றீர்கள். துணியை மறுபக்கம் மடித்தீர்கள். "ஆனா, மனிசன் செத்த செய்தி உமக்கு வரேல்லை. பாடேக்கை நீர் உம்மடை குரலைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டீர்."

அரசன் வேஷம் போட்டவர் கழற்றிய கிரீடத்தைத் திரும்பவும் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்கள் கையிலிருந்து துணியைப் பறித்து மிச்சத்தை நானே துடைத்தேன்.

இரண்டு கிழமை உங்களோடு கதைக்கவில்லை. கிணற்றடியில் உங்களைக் கண்டால் வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். நீங்கள் கொடுத்துவிட்ட கூழை, வயிறு சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். மேடையில் ஒருநாளும் ஏறாத மனிசிக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒருநாள், கந்தோரில் என்னோடு வேலை செய்கிற பிள்ளை, தான் போனில் எடுத்த வீடியோவை ஆசையாகக் காட்டினாள். மாலுமி ஓடிவந்து "உன் கணவன் இறந்துவிட்டான்" என்கிறான். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறேன். ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையசைக்கிறேன். அதன்பிறகுதான் அழத் தொடங்குகிறேன். அந்த இடத்தை மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் தரம் எனக்கே கூச்சமாக இருந்தது.

அன்று பின்னேரம் உங்கள் குசினிக்கு வந்தேன். நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர்கள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. "இரும்" என்று கதிரையைக் காட்டினீர்கள்.

"அப்ப நான் எப்பிடிப் பாடியிருக்க வேணும்?"

"எனக்குப் பாட்டுத் தெரியாது. எனக்கு நடந்ததைத்தான் சொல்ல ஏலும்."

உங்கள் கணவர் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்ததும் அங்கேயே மாரடைப்பில் போனதும் எனக்குத் தெரியும். அது நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருமுன் நடந்தது. அந்த நாளைப் பற்றி நான் ஒருபோதும் உங்களைக் கேட்டதில்லை.

"பக்கத்து வீட்டுக்குத்தான் போன் வந்தது. அந்த அண்ணை வாசல் படலையிலை நிண்டு சொன்னவர். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? 'அடுப்பிலை பால் கிடக்கு, பொங்கப்போகுது' எண்டனான். உள்ளை போய் இறக்கி வைச்சு, மூடியும் போட்டனான். பிறகுதான் கால் விட்டது. சத்தம் அதுக்கும் பிறகுதான் வந்தது."

சொல்லிவிட்டு மற்றத் தேங்காய்ப் பாதியை எடுத்தீர்கள். உங்கள் வாழ்க்கையிலேயே பெரிய துக்கத்தை நான் உங்கள் கண்முன்னால் தலைப்புச் சரிசெய்து பாடியிருக்கிறேன். அதற்காக நீங்கள் கோபப்படவும் இல்லை.

எழும்பும்போது நானும் ஒன்று சொன்னேன். "நீங்கள் சொன்னது சரி மச்சாள். ஆனா சொன்ன இடம் பிழை. அத்தனை பேர் நிக்கேக்கை சொல்லிப்போட்டியள்."

துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "ஓம். அது என்ரை பிழைதான்" என்றீர்கள். பிழையை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு கிழமை எடுத்தது; நீங்கள் ஒரு மூச்சில் ஒப்புக்கொண்டீர்கள்.

அடுத்த மாதம் பக்கத்துத் தீவில், இறுப்பிட்டியில், அதே நாடகத்தைப் போட்டோம். மாலுமி வந்து செய்தியைச் சொன்னான். நான் அசையவில்லை. "உலை கொதிக்குது" என்று என் வாயில் வந்தது. கொப்பியில் இல்லாத வசனம். நான் அடியை மறந்துவிட்டேன் என்று நினைத்து ஆர்மோனியக்காரர் பதறிப்போய் உங்களைப் பார்த்தார். நீங்கள் கொப்பியை மூடி மடியில் வைத்தீர்கள். அதைக் கண்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. பாட்டைக் கீழ்ச் சுருதியில், ஏறக்குறையப் பேச்சுப்போலத் தொடங்கினேன். முடிந்தபோது முன்வரிசையில் ஒரு மனிசி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கைதட்டு பிந்தித்தான் வந்தது.

பின்னறையில் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, நாங்கள் வந்த வான் வண்டி கடற்பாலத்தில் ஓடிக்கொண்டிருக்க, என் காதோடு வந்து சொன்னீர்கள்: "செய்தி வந்தது. கடைசிச் சரணத்திலைதான் கொஞ்சம் அவசரப்பட்டிட்டீர்." நான் சிரித்த சிரிப்பில் முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்களுக்கு வருத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபிறகு மூன்று மாதம்தான் இருந்தீர்கள். நீங்கள் போன செய்தி எனக்குக் கந்தோரில் வந்தது. கையில் இருந்த கடிதக்கட்டுக்கு முத்திரை குத்தி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். நீங்கள் சொன்னது அவ்வளவும் உண்மை, மச்சாள்.

இந்த வருடம் புது நாடகம். போன கிழமை அரசன் வேஷக்காரர் என்னிடம், "எப்பிடித் தங்கச்சி என்ரை பாட்டு?" என்று கேட்டார். மற்றவர்கள் போகுமட்டும் பொறுத்திருந்து, நல்லதை முதலில் சொல்லி, சறுக்கிய இடத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவருடைய முகம் விழுந்ததைப் பார்த்தேன். அன்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

நான் இப்போது ஒருவரிடமும் "எப்பிடி இருந்தது?" என்று கேட்பதில்லை. "எந்த இடத்திலை உங்களுக்கு நம்பிக்கை வரேல்லை?" என்றுதான் கேட்கிறேன். நேற்று ஆர்மோனியக்காரர் தயங்கித் தயங்கி, "சொல்லவோ பிள்ளை? கோவிக்க மாட்டீரே?" என்றார்.

"சொல்லுங்கோ அண்ணை" என்று அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.