நாக்கில் வேல், பல்லில் கம்பி

ஜனவரி 12

இன்று பல் கம்பியை இறுக்கிவிட்டார்கள். கிளினிக்கில் ஒன்றும் தெரியவில்லை. புக்கிட் பெருவாங்குக்கு வந்து, வீட்டில் தோசையைக் கடித்ததும்தான் உயிர் போனது. மைலோவில் பிஸ்கட்டை ஊறவைத்துத் தின்றுவிட்டு வலிக்குப் பனடோல் போட்டேன். முப்பத்து நாலு வயதில் இது தேவையா என்று அம்மா கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

ஜனவரி 13

காலையில் கஞ்சி. மதியமும் கஞ்சி.

ஜனவரி 15

பொங்கல். தம்பி குகன் எனக்கு எதிரில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக் கடித்துச் சிரித்தான். பாவி. வீட்டுக்குள் நன்றாகத்தான் சிரிக்கிறான். வாசலில் யாராவது வந்தால் அறைக்குள் போய்விடுகிறான். விபத்துக்குப் பிறகு அப்படித்தான்.

ஜனவரி 16

கம்பி முனை குத்திக் கன்னத்தின் உள்ளே புண். முனையில் மெழுகு உருட்டி ஒட்டியிருக்கிறேன். போன இரண்டு மாசி மகத்துக்கும் நாக்கில் வேல் குத்திக்கொண்டு பால்குடம் எடுத்தவள் நான். அப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இந்த நூல் மாதிரிக் கம்பிக்கு அழுகிறேனே, முருகா!

பிப்ரவரி 9

விரதத்துக்கு முன்னால் பல் டாக்டரிடம் கேட்டேன். நாக்கில் வேல் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாக்கு வீங்கிக் கம்பியில் உரசினால் கிழித்துவிடுமாம். கழற்றிவிட்டு அப்புறம் மாட்டலாமா? மாட்டலாம், ஆனால் பல் பழையபடி நகரத் தொடங்கிவிடும் என்றார்.

லோரி மோதி குகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டேன். என் தம்பி எழுந்து நடக்கட்டும், மூன்று வருடம் வேல் குத்திக்கொள்கிறேன் என்று. நடந்துவிட்டான். கால் கொஞ்சம் இழுக்கும், தாடையில் பெரிய தழும்பு. மூன்றாவது வருடம் பாக்கி நிற்கிறது.

பிப்ரவரி 10

"கழட்டிடு திலகா. சாமி விஷயத்துல விளையாடக் கூடாது" என்றார் அம்மா.

எத்துப்பல்லை மறைக்கக் கையை வாய்க்கு முன்னால் வைத்தே பாதி வயசு போச்சு — அது யார் விஷயம்? கேட்கவில்லை. கோபத்தில் முறுக்கை எடுத்துக் கடித்தேன். கம்பியைப் பிடித்திருந்த பிராக்கெட் ஒன்று தெறித்து விழுந்தது.

"பாரு, சாமியே கழட்டிட்டாரு!"

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பிப்ரவரி 11

பயமா இருக்கு. பாக்கி வச்சி குகனுக்கு ஏதாவது ஆச்சுன்னா? பல்லு நேரா இருந்து நான் என்ன பண்ணப் போறேன்? நாளைக்குப் போய் கழட்டிடறேன்.

பிப்ரவரி 12

கழற்றவில்லை. குகன் கார்ச் சாவியை எடுத்து ஒளித்துவிட்டான்.

"அக்கா, யாருக்காக வேண்டுன?"

"உனக்காகத்தான்டா."

"அப்ப இந்த வருசம் நான் குத்திக்கிறேன். என் பல்லுல கம்பியா இருக்கு?"

"அவ்ளோ கூட்டம்லா. எல்லாரும் உன்னைப் பார்ப்பாங்க."

தாடைத் தழும்பைத் தடவிக்கொண்டான். "பார்க்கட்டும்" என்றான்.

அம்மா கோவிலுக்குப் போன் போட்டுக் கேட்டார். யாருக்காக வேண்டியதோ அவரே செலுத்தலாமாம். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தான். பிராக்கெட்டை ஒட்டிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 2

மறுபடி இறுக்கினார்கள். கஞ்சி.

மார்ச் 4

நேற்று மாசி மகம். குகன் காலை இழுத்து இழுத்து நடந்தான். நாக்கில் வேல். இரண்டு கையும் தலையிலிருந்த பால்குடத்தில், தழும்பை மறைக்க வழியில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் போத்தலோடு பக்கத்தில் நடந்த நான் வாய்விட்டு அழுதேன். கம்பி தெரிந்ததா, யாருக்குத் தெரியும்.

இரவு இரண்டு பேருக்கும் ஒரே சட்டிக் கஞ்சி. "எப்படிக்கா ரெண்டு வருசம் தாங்குன?" என்று கேட்டான். "உன்னோட வலி ரெண்டு நாள்ல போயிடும்லா, என்னோடதுதான் இன்னும் கிடக்கு" என்றேன்.

இன்று காலை எழுந்தால் அவன் அறையில் இல்லை. வீடு முழுக்கத் தேடி, பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். எதிரே வந்துகொண்டிருந்தான். பசாருக்குத் தனியாக நடந்தே போயிருக்கிறான். நல்ல கூட்டம் என்றான். பாகு ஊற்றிய மெத்தென்ற சோயா தாவ்பூ வாங்கி வந்திருந்தான், எனக்கொன்று அவனுக்கொன்று.

"மெல்லவே வேணாம்கா, அப்படியே முழுங்கிடலாம்."