கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் ரோல்

பிப்ரவரி 6, வியாழன்

காலையிலிருந்து கிழக்குக் காற்று. கொல்லைக் கதவு படார் படார்.

வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் முட்டை உடைக்கக் கூடாது. அதனால் கேக் இன்றே. முட்டை 4, மைதா முக்கால் கப், சர்க்கரை முக்கால், கோகோ இரண்டு கரண்டி. ஓவனில் பன்னிரண்டு நிமிடம்.

முதல் தட்டு பாழ். ஆறவிட்டுச் சுருட்டினேன், வெடித்துவிட்டது. பாப்பா தின்று தீர்த்தாள். இரண்டாவதைச் சுடச்சுடத் தோர்த்துத் துண்டில் கவிழ்த்து, துணியோடு சேர்த்துச் சுருட்டினேன். விரல் பொத்துப்போனது. ஆறியபின் விரித்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. தனியாக நின்று சிரித்தேன்.

ஞாயிறு நாத்தனாரும் அவர் கணவரும் வருகிறார்கள், கணவரின் தம்பி கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை வைக்க. நாத்தனார் கணவரை நான் அண்ணன் என்பேன், அவருக்குப் பொள்ளாச்சியில் சமையல் காண்ட்ராக்ட். அவருக்குப் பிடித்தால் ரிசப்ஷனுக்கு என் ரோல். ஆறு வருடமாகப் போனில் பார்த்துப் பார்த்துச் சுட்டதற்கு முதல் ஆர்டர்.

இவரிடம் சொன்னேன். "மச்சானுக்குப் புடிச்சா பாக்கலாம்." தலை தூக்கவில்லை.

7, வெள்ளி

ஐஸ்கிரீம். வீட்டுப் பால் ஏடு சரிப்படவில்லை, டப்பா கிரீம்தான். வெனிலா. இளகின பதத்தில் தடவி, மறுபடி சுருட்டி, ஃபாயிலில் சுற்றி ஃப்ரீசரில். இடம் பண்ண மீன் பக்கத்து வீட்டுக்குப் போனது. அத்தை: "உன்ற கேக்குக்கோசரம் மீனு ஊரு சுத்தோணுமா?"

சொல்லட்டும். இன்று எதுவும் உறைக்கவில்லை.

8, சனி

காலை ஆறரை. வந்துவிட்டது. நான்கு நாள் முன்னதாக.

சொல்லாமல் இருந்திருக்கலாம். போன ஆடியில் மறைத்தேன். அதே வாரம் மாட்டுக்கு மடி வீங்கியது. அத்தை கண்டுபிடித்துவிட்டார், இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். அந்தப் பயத்தில் நானே வாயைத் திறந்தேன். சனியன் பிடித்த வாய்.

மூன்று நாள் பின்னறை. அடுக்களை கூடாது. சாமி அறை கூடாது. ஃப்ரிட்ஜைத் தொடவே கூடாது. என் அப்பா சீராகக் கொடுத்த ஃப்ரிட்ஜ் அது.

அத்தை: "நல்ல காரியத்துக்கு வாராங்க. ஊட்ல இப்படின்னு தெரிஞ்சா சங்கடப்படுவாங்க. பொறந்த ஊட்டுக்குப் போயிருக்கறான்னு சொல்லிக்கறேன். நீ வெளிய வந்துராதே."

இவரிடம் ஜன்னல் வழியாகச் சொன்னது: 1. பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுக்க வேண்டும். 2. கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து வெட்ட வேண்டும். 3. நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

"செரி, செரி."

9, ஞாயிறு

பின்னறைக்கு ஷீட் கூரை. வேர்வை. பக்கெட்டில் தண்ணீர், ஒரு விசிறி, சுவரில் காது.

சாப்பாடு முடிந்தது. கொஞ்ச நேரம் ஸ்பூன் சத்தம் மட்டும். பிறகு அண்ணன் குரல்: "அடடா! சுருள் ஒடையாம நிக்குது பாருங்க. ஆரு பண்ணுனது?"

பாப்பா: "எங்கம்மா..."

அத்தை: "பேசாமத் தின்னு கண்ணு. கடையில வாங்குனதுங்க மாப்பிள்ளை. கோயமுத்தூர்ல."

அண்ணன் இவரிடம்: "அந்தக் கடை நம்பர வாங்கிக் குடுங்க மாப்பிள்ளை. ரிசப்ஷனுக்கு நாப்பது ரோலு சொல்லிப்போடலாம்."

இவர்: "கேட்டுச் சொல்றனுங்க மச்சான்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. அத்தை சொன்னதைக்கூடப் பொறுப்பேன். இவர் சொன்னதைப் பொறுக்க முடியாது.

எனக்கு ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

11, செவ்வாய்

தலைக்குக் குளித்தேன். அடுக்களைக்குள் வந்ததும் இவர் பின்னாலேயே வந்தார். "மச்சான் ரெண்டு தடவ கூப்புட்டுட்டாரு. கடை பேரு என்னன்னு சொல்லட்டும்?"

என்னிடமே கேட்கிறார். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இல்லையென்றால் வீசியிருப்பேன்.

12, புதன்

காற்று அடங்கவில்லை. இவர் தோப்புக்குப் போனபின் அண்ணனுக்கு நானே போன் செய்தேன். ரோல் நான் சுட்டது என்றேன்.

"அட, நீயா அம்மணி! சந்தோசம். அப்பறம் ஏன் பொறந்த ஊடு, கோயமுத்தூர்னெல்லாம் சொன்னாங்க?"

"நான் எங்கியும் போகலீங்கண்ணா. பின்னறையிலதான் இருந்தனுங்க. ரோலு வியாழன், வெள்ளிலயே பண்ணுனது."

புரிந்துகொண்டார். பக்கத்தில் நாத்தனார் ஏதோ முணுமுணுத்தது கேட்டது. பிறகு, ரொம்ப அன்பாக:

"ஆர்டர் குடுக்கறதுல ஒண்ணுமில்ல அம்மணி. கல்யாணச் சமாச்சாரம் பாரு. உனக்கு எந்தெந்தத் தேதின்னு மட்டும் மாப்பிள்ளைகிட்டச் சொல்லியுட்ரு. அதப் பாத்து நாங்க சொல்றோம்."

செரிங்கண்ணா என்றேன். வைத்துவிட்டேன்.

அடுக்களைக் காலண்டரைக் கழற்றினேன். மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை, மாதத்துக்கு மூன்று நாள், சிவப்புப் பேனாவில் வட்டம். ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். அத்தை, இவர், நாத்தனார், அண்ணன், சித்தப்பாக்கள், பெரியம்மா எல்லாரும் இருக்கும் குரூப். கீழே எழுதினேன்: "வட்டம் போட்ட நாட்களில் கடை விடுமுறை."

பதினோரு பேரும் பார்த்தாயிற்று. வாசலில் இவர் பைக்.