அறையில் ஆள் இல்லை

பதிவு. ஏழாம் மாடி, தெற்கு அறை. முதல் நாள், காலை 7.40
வெப்பம் 26. கரியமில வாயு 610. வெளிச்சம் போதுமானது. சத்தம் 38.

மேலே இருக்கும் எண்கள் சுவர் போட்டவை. இனி வருவது நான் வாயால் சொல்ல அது எழுதிக்கொள்வது. வருடம் என்ன என்று கேட்கிறது. வருடக் கணக்கு எனக்கு நிற்காது. வைகாசியில் புயல் அடித்து, தூத்துக்குடி உப்பளத்தில் குவித்த உப்பெல்லாம் அப்படியே கரைந்ததே, பகல் வெயிலில் இழுக்க முடியாமல் மாதா தேரை ராத்திரியில் இழுத்தார்களே, அதற்கு மறுவருடம். என் வீட்டுக்காரி செலின் போனது அந்தத் தேருக்கு மூன்றாம் நாள்.

அக்னி அடைப்பு இன்று தொடங்கியது. வெளியே நின்றால் உயிர் தங்காது. வெயில் தணியும்வரை டவரில் எல்லாக் கதவும் பூட்டு. ஜன்னல் வைத்தே கட்டவில்லை. வேலை வீட்டிலிருந்துதான். நான் இங்கே உட்கார்ந்தபடி துறைமுகத்து கிரேனில் பெட்டி தூக்குகிறேன். மேல்மாடியில் ஐசக், பக்கத்து அறையில் ஜெபக்கனி. மூவருக்கும் ஒரே வேலை, ஒரே லைன்.

இந்த முறை எல்லா அறையிலும் புதுச் சுவர் மாட்டியிருக்கிறார்கள். பேச்சைக் கேட்டு, தன் ஆள் சொன்னது எது, அடுத்தவர் சொன்னது எது என்று புரிந்துகொண்டு, ஆள் இருக்கும் அறைக்கு மட்டும் குழாயில் குளிர்காற்று விடும். சிக்கனமாம்.

முதல் நாள், மாலை 6.05
வெப்பம் 26. கரியமில வாயு 640. சத்தம் 47.

வேலை முடிந்தது. லைனில் பேசியது, ஐசக்தான் ஆரம்பித்தான்:

“மாமா, பெட்டிய என் கிரேன் மேலயே இறக்கப் பாத்தியளே. கண்ணாடிய மாத்துங்க.”

“கண்ணு நல்லாத்தாம்ல இருக்கு. உன் கொக்கிதான் தொட்டில் மாதிரி ஆடுது.”

“கேட்டியளா அக்கா, பெருசுக்கு வாய்க்கு மட்டும் வயசாகல.”

“ஐயோ, உலை பொங்குது,” என்று ஜெபக்கனி பாதியில் வைத்துவிட்டாள்.

“சரி மாமா, போயிட்டு வாரேன்,” என்றான் ஐசக். எனக்கு வாய் நிறையச் சோறு. ‘உம்’ கொட்டினேன்.

இரண்டாம் நாள், காலை 9.20
வெப்பம் 26. கரியமில வாயு 620. சத்தம் 52.

ஐசக்கின் கிரேன் அசையவில்லை. கூப்பிட்டோம்.

“மாமா, நேத்தே குளிர் நின்னுட்டு. சட்டையப் பிழிஞ்சா தண்ணி கொட்டுது. சுவத்துல என்னமோ எழுதிருக்கு, கண்ணு மங்குது. அக்கா, அனுப்புதேன், வாசிங்க.”

ஜெபக்கனி வாசித்தாள்: “அறையில் ஆள் இல்லை. வெளியே போனார். திரும்பி வருவதாகச் சொன்னார்.”

நேற்று அவன் விடைபெற்றது எனக்கு நினைவு வந்தது.

“ஏல, நேத்து போயிட்டு வாரேன்னியா?”

“பின்ன? போறேன்னா சொல்லுவாங்க?”

“வந்துட்டேன்னு சொல்லிப் பாருல.”

சொன்னான். கதவு திறக்கவில்லை, யாரும் வரவில்லை என்றது அவன் சுவர். கதவோ பூட்டிக் கிடக்கிறது. அவன் டவர் ஆபீசுக்குப் போன் போட்டான். ஆள் இல்லாத அறையிலிருந்து வரும் புகாரை ஏற்க இயலாது என்றது மிஷின் குரல். நாங்கள் போட்டோம். உங்கள் அறைகளில் குறை ஏதும் இல்லை என்றது. மனிதர் யாரும் எடுக்கவில்லை. ஆபீஸ்காரர்களுக்கும் வேலை வீட்டிலிருந்துதான். நேற்று மாலை அவர்களும் ஒருவருக்கொருவர் அதையே சொல்லிவிட்டுத்தான் லைனை வைத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள், மாலை 4.30
வெப்பம் 26. கரியமில வாயு 630. சத்தம் 41.

அந்த வார்த்தையை இனிச் சொல்வதில்லை என்று பேசிவைத்தோம். ஐசக்குக்கு நாக்குக் குழறுகிறது.

“அக்கா, லைன வச்சிராதிய.”

“வைக்கமாட்டேம்ல. இங்கனயேதான் இருக்கேன். உனக்காகச் சங்கீதம் வாசிக்கேன். பைபிள எடுக்க உள்ள போயிட்டு வாரேன்...”

பாதியில் நிறுத்தினாள். முடிந்துபோயிற்று. அவள் அறைக் குழாய் அடங்கும் ஓசை லைனில் எனக்கே கேட்டது.

“போச்சா அக்கா?” என்று ஐசக் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

மூன்றாம் நாள், காலை 11.00
வெப்பம் 27. கரியமில வாயு 700. சத்தம் 84. பணிச்சூழலுக்கு உகந்ததல்ல.

சத்தம் நான் போட்டதுதான். எனக்கும் ஜெபக்கனிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கான்கிரீட் சுவர். அம்மிக் குழவியால் இடித்தேன், பொடிகூட உதிரவில்லை. அப்புறம்தான் சுவிட்ச் பெட்டி நினைவு வந்தது. என்னுடையதும் அவளுடையதும் முதுகோடு முதுகு. கத்தி முனையால் கழற்றினேன். அந்தப் பக்கம் அவளும் கழற்றினாள். வயர்களை ஒதுக்கினால் ஒரு விரல் போகும் ஓட்டை. தட்டை எடுத்து அதன் வழியாக விசிறினேன். காற்று கொஞ்சம் போகிறது. குளிர் போக மறுக்கிறது. அவள் பக்கம் நாற்பத்தொன்று என்றாள்.

“மாமா, மீன் வாசம் வருதே.”

“சாளக் கொழம்பு. பழசு.”

“உப்பக் கூடப் போட்டுட்டிய. வாசத்துலயே தெரியுது.”

“வந்து நீயே ஆக்கித் தா.”

சிரித்தாள். மூச்சு இரைத்தது.

“நீங்க மட்டும் அத சொல்லிராதிய மாமா. வாயத் தச்சுக்கிடுங்க.”

“சொல்லமாட்டேன் தாயி.”

ஓட்டை வழியாக ஒரு விரலை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் விசிறினேன்.

மூன்றாம் நாள், மாலை 5.15
வெப்பம் 27. கரியமில வாயு 690. சத்தம் 44.

கை மரத்துவிட்டது. மாற்றி மாற்றி விசிறுகிறேன். “போதும் மாமா, இருங்க” என்றாள் ஒருமுறை. இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விரலை அழுத்துகிறேன், அவள் திருப்பி அழுத்துகிறாள். இப்போது தாமதமாக.

நான்காம் நாள், காலை 8.00
வெப்பம் 26. கரியமில வாயு 600. வெளிச்சம் போதுமானது. சத்தம் 29.

விரல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. அது அவளுடைய சூடு இல்லை, அறையின் சூடு. தெரிந்தும் விடவில்லை.

லைன் எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம். விரலை விடாமல், சுவரிடம் சொல்லி வீடு வீடாகக் கூப்பிட்டேன். மூன்றாம் மாடி லொயோலா குடும்பம். ஐந்தில் முத்தையாபுரத்து அக்கா தங்கச்சி. ஒன்பதில் நாகூரிலிருந்து வந்த ஜைனுலாபுதீன், அவர் பெஞ்சாதி. கீழே வாட்ச்மேன் அறை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

சுவர் இப்போது தானாகப் பேசுகிறது. வெப்பம், காற்று, வெளிச்சம், அமைதி நான்கும் மிகச் சிறப்பாம். இந்த டவரிலேயே சிறந்த பணி அறை இதுதானாம். பாராட்டுப் பட்டியலில் போட, அறையில் இருப்பவர் பெயரைச் சொல்லவும் என்கிறது.

எழுதிக்கொள்.

சவேரியார் மகன் கஸ்பார்.