செருப்பு அலமாரியில் ஒரு கம்ப்யூட்டர்

செருப்பு அலமாரிக்குள் கம்ப்யூட்டர் வளர்க்கும் என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் செல்லப்பிள்ளை எழுந்துவிட்டது. "பெருக்குறேன்னு வயரைப் புடுங்கிட்டா, அதான் செத்துப்போச்சு" என்று நேற்று உங்கள் அக்கா முன்னால் குதித்தீர்களே, வயர் அது பாட்டுக்குத்தான் இருக்கிறது.

"கீபோர்டு, மவுஸ், மானிட்டர் ஒண்ணும் வேணாம், எங்கிருந்தாலும் போன்லயே பாத்துக்குவேன்" என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டு மூன்றையும் தானம் கொடுத்த மகானே! காலையில் அதை டிவியில் மாட்டிப் பார்த்தேன். கரண்ட் போய் வந்ததிலிருந்து இரண்டே வரியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கீபோர்டைக் காணோமாம். மேற்கொண்டு போக அதே கீபோர்டில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டுமாம். அதற்கும் உங்கள் மூளைதான் வாய்த்திருக்கிறது.

மாடி வீட்டு டீச்சரிடம் கீபோர்டு வாங்கி வந்து ஒரு தட்டு தட்டினேன், ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் இருக்கும் பாப்பா போட்டோவெல்லாம் பத்திரம். கீபோர்டு இல்லாவிட்டாலும் நிற்காதபடி செட்டிங்கை மாற்றிவிட்டு, வாங்கிய கீபோர்டை நீங்களே மாடியில் கொடுத்துவிட்டு வாருங்கள். எதற்கு வாங்கினோம் என்று டீச்சர் கேட்பார். நீங்களே சொல்லுங்கள்.

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். நான் டியூட்டிக்குக் கிளம்புகிறேன்.

சாயங்காலம் உங்கள் அக்கா மறுபடியும் வருகிறார். அவர் கிளம்புவதற்குள் வந்துவிடுவேன்.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்) உங்கள் செல்லப்பிள்ளைக்கு ஒரு பொத்தான் போதுமாயிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை போதும். அக்கா இருக்கும்போதே, என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் அனுப்பினால் செல்லாது.